பிடித்துவிட்ட பிறகு என்ன செய்கிறீர்கள்?

கழுத்தும் தோளும் இறுகிப்போனால் யாரையாவது பிடித்துவிடச் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் தோள் இறங்கிவிடுகிறது. தலையைத் திருப்பினால் இழுக்கவில்லை, உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அப்புறம் அதே நாற்காலியில், அதே மாதிரி போய் உட்கார்கிறோம். சாயங்காலத்துக்குள் வலி பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. "மசாஜெல்லாம் அந்த நேரத்துக்குத்தான்" என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான்.

அந்த நேரத்துக்குத்தான் என்பதில் சந்தேகமே இல்லை. பிடித்துவிட்டதும் வலி குறைவது சிலருக்கு அரை மணி, சிலருக்குச் சில மணி நேரம். அந்த இடைவெளியில் உடம்பை அசைத்துப் பழக்கினால் பலன் தங்குகிறது, சும்மா இருந்தால் கரைந்துபோகிறது. அசைக்கத் துணிவதா, பயந்து பொத்திவைப்பதா என்பதை மனம் முடிவு செய்கிறது. மசாஜ், அசைவு, மனம் மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை விட்டு ஒன்று வேலை செய்யாது.

கட்டி உடைவதில்லை

"உருண்டை உருண்டையா கட்டியிருக்கு, நல்லா அழுத்தி உடைக்கணும்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் அந்த இடத்தில் உடைப்பதற்கு எதுவும் இல்லை. தொட்டால் சட்டென்று வலிக்கும் அளவுக்குக் கூச்சம் ஏறிய தசைதான் அங்கே இருக்கிறது. முழங்கையை வைத்து ஏறி அழுத்தினால் தோல் கன்றிப்போகும், அவ்வளவுதான். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்பதும் சரியில்லை. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகும் அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். நச்சு இறங்குகிறது என்பார்கள். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை.

அப்படியானால் நிஜமாகவே கிடைக்கும் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நரம்பு மண்டலத்திலிருந்து. முட்டி எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா, அதே கணக்குதான். தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் நரம்புகள் அனுப்பும் செய்தி, முதுகுத்தண்டில் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-ல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். பின்னால் அதில் பல திருத்தங்கள் வந்தாலும், வலி மேலே போகிற வழியிலேயே கூட்டவும் குறைக்கவும்படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. கூடவே மூச்சு நிதானப்படுகிறது, தசையின் விறைப்பு தளர்கிறது.

இது தெரிந்தால் எவ்வளவு அழுத்துவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். 10-க்கு 4 அல்லது 5 அளவு வலி போதும். "வலிக்குது, ஆனா நல்லாருக்கு" என்று சொல்லும் அளவு. முகம் சுளித்தாலோ, மூச்சு நின்றாலோ, கால்விரல் மடங்கினாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அந்த நிலையில் தசை தளர்வதற்குப் பதில் இன்னும் இறுகித் தன்னைக் காத்துக்கொள்ளும். மறுநாள் தொட்டாலே வலிக்கிறது, நீலம் பாரித்திருக்கிறது என்றால் அதை நல்ல மசாஜ் என்று நினைக்காதீர்கள்.

கழுத்தும் தோளும்

தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. திரையைப் பார்த்துக் குனிந்தே இருக்கும்போது அதைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதில் பெரும் பங்கு வகிக்கும் தசை ஒன்று உண்டு. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் வந்து முடியும். 'இங்கேதான்' என்று எல்லோரும் கையை வைத்துக் காட்டும் இடம் பெரும்பாலும் அந்த மூலைதான்.

அதைக் கண்டுபிடிக்க, வலது கையை இடது தோளின் மேல் போட்டு, விரல்நுனிகளை முதுகுப்பக்கம் இறக்குங்கள். இடது தோளை லேசாக ஏற்றி இறக்கினால் விரலுக்கடியில் ஓர் எலும்பு மூலை நகரும். அதற்கு ஒரு விரற்கடை மேலே, கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதுதான்.

இனி அழுத்துவதற்கு முன் பலரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. இடது முன்கையை மேசையிலோ, மடியில் வைத்த தலையணையிலோ நன்றாகச் சாய்த்து வைக்க வேண்டும். கை தொங்கிக்கொண்டிருந்தால் அதன் எடையைத் தாங்க அந்தத் தசை வேலை செய்துகொண்டே இருக்கும். வேலை செய்யும் தசையை எவ்வளவு பிசைந்தாலும் தளராது. கையைச் சாய்த்த பிறகு நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்தாற்போல் அந்த இடத்தில் ஊன்றி, 20 முதல் 30 வினாடி நிதானமாக மூச்சு விடுங்கள். விரலை எடுக்காமலேயே, மூக்கு வலது அக்குளைப் பார்க்கும்படி தலையை மெல்லத் திருப்பிக் குனிந்து, பழைய நிலைக்கு வாருங்கள். இப்படி ஐந்து முறை. அழுத்திக்கொண்டே அசைப்பது வெறுமனே அழுத்துவதைவிட நன்றாக எடுக்கிறது.

தோளின் மேல்மேட்டுத் தசைக்கு விரல்களுக்கும் உள்ளங்கை அடிப்பகுதிக்கும் நடுவே சதையை மொத்தமாகக் கவ்வி, 10 வினாடி வைத்து, விட்டு, ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி கவ்வ வேண்டும். கட்டைவிரல் நுனியால் குத்தாதீர்கள். அடுத்தவருக்குப் பிடித்துவிடுகிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் கட்டைவிரலாலேயே அழுத்தினால் அதன் அடிமூட்டு சீக்கிரம் தேயலாம். விரல்களை மடக்கி முஷ்டியின் தட்டையான பாகத்தையோ, முன்கையையோ வைத்து, தோளின் பலத்தால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்து எடையை இறக்குங்கள்.

தலைவலியோடு பிடரி இறுகியிருந்தால் மல்லாக்கப் படுத்து, மண்டையோட்டின் அடி விளிம்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இரு கை விரல்நுனிகளையும் வையுங்கள். அழுத்தவே வேண்டாம், தலையின் எடையே போதும். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருந்து, 'ஆமாம்' என்று தலையாட்டுவதுபோல் மிகச் சிறிதாகப் பத்து முறை அசையுங்கள்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டின் முன்பாதியும் கை வைக்கக் கூடாத இடம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கே இருக்கிறது. அதை அழுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கழுத்தைப் பிடித்துத் திருகிச் சொடுக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். திடீர்த் திருகலில் கழுத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அரிதுதான், ஆனால் ஒரு சொடுக்குச் சத்தத்துக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து இல்லை.

கை எட்டாத முதுகுக்கு டென்னிஸ் பந்து ஒன்று போதும். நீளமான சாக்ஸில் போட்டு, சாக்ஸின் வாயைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வையுங்கள். பாதங்கள் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பந்து இருக்க வேண்டியது முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையே உள்ள சதையில். எலும்பின் மேல் வேண்டாம். ஓர் இடத்துக்கு 60 முதல் 90 வினாடி. வேகமாக மேலும் கீழும் உருட்டிவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்பவர்கள்தான் அதிகம். நின்று, மூச்சு விட்டு, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கெட்டியான ரப்பர் பந்தோ, தரையில் படுத்துக்கொண்டு செய்வதோ வேண்டாம். சுவரில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. தரையில் முடியாது.

அதே பந்தை நெஞ்சுக்கும் பயன்படுத்தலாம். காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக வைத்துச் சுவரில் சாய்ந்து, அந்தப் பக்கக் கையை மெல்ல ஏற்றி இறக்குங்கள். விரல்களில் சுரீரென்று ஓடினாலோ மரத்தாலோ பந்து நரம்பின் மேல் இருக்கிறது. நடு நெஞ்சுப் பக்கமாக நகர்த்திவிடுங்கள். அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி மூன்றிலும் நரம்பும் ரத்தக்குழாயும் மேலாகவே ஓடுவதால் அங்கெல்லாம் அழுத்தமே கூடாது.

எண்ணெயைப் பொறுத்தவரை, நீவி உருவுவதற்கு மட்டும்தான் தேவை. கழுத்துக்கும் தோளுக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி, அதாவது 2 முதல் 3 மில்லி. அதற்கு மேல் போனால் கை வழுக்கி, ஓர் இடத்தைப் பிடித்து அழுத்த முடியாமல் போகும். புதிய எண்ணெய் என்றால் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள். உள்ளங்காலில் தடவியிருந்தால் தரையில் கால் வைக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

இடுப்பிலிருந்து கீழே

கீழ்முதுகு வலிக்கிறது என்றால் கை உடனே அங்கேயே போகும். பலருக்கு அதைவிட நல்ல பலன் தருவது பிட்டத்தின் மேல்பக்கம், பேன்ட்டின் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் உள்ள தசை. அங்கே சுவரில் பந்தை வைத்து ஒரு நிமிடம். பிட்டத்தின் நடுப்பகுதிக்கு வராதீர்கள், காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு அவ்வழியாகத்தான் போகிறது. கடைசி விலா எலும்புக்குக் கீழே, இடுப்பின் இரு பக்கமும் மசாஜ் கன் எனும் அதிர்வுக் கருவியை வைத்து இடிப்பதும் வேண்டாம். உள்ளே சிறுநீரகம் இருக்கிறது. அந்தக் கருவியை எங்கே வைத்தாலும் குறைந்த வேகம், மெத்தென்ற முனை, ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம் என்பதே போதும்.

கெண்டைக்காலுக்குக் கையே தேவையில்லை. மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை மடக்கி வைத்து, அந்த முட்டியின் மேல் மற்றக் காலின் கெண்டைச் சதையை வைத்து, குதிகால் பக்கத்திலிருந்து மேலே போகும்படி மெல்லச் சறுக்குங்கள். உள்ளங்காலுக்கு உட்கார்ந்தபடி பந்தை ஒன்றிரண்டு நிமிடம் உருட்டினால் போதும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமலே புண்ணாகிவிடும்.

எழுந்து அசையுங்கள், உடனே

பிடித்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் இது தொடங்க வேண்டும். முதலில் எடையில்லாத அசைவுகள்: தலையை இருபுறமும் எட்டு முதல் பத்து முறை, இப்போது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு. மசாஜுக்கு முன்பு திரும்பாத அந்தக் கடைசிப் பத்து டிகிரியை உடம்புக்குப் பழக்குவதுதான் நோக்கம். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, இடுப்பை அசைக்காமல் மேல்முதுகை மட்டும் இருபுறமும் பத்து முறை திருப்புங்கள். மேல்முதுகு திரும்ப மறுத்தால் அதன் பங்கையும் கழுத்தே செய்ய வேண்டி வரும்.

கழுத்தின் உள்தசைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் சரியாகச் செய்வது கஷ்டம். மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், முகவாயை மட்டும் தொண்டைப்பக்கம் லேசாக இழுத்துத் தலையாட்டி, பத்து வினாடி நிறுத்த வேண்டும். பத்து முறை. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கயிறுகள் புடைத்துக்கொண்டு நின்றால் பலம் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். விரலை அங்கே வைத்து, அது மென்மையாகவே இருக்கும் அளவுக்குக் குறையுங்கள்.

அடுத்து எடை. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். வலிக்கிற தோளுக்கே பளுவா என்று கேட்பார்கள். ஆமாம், அதற்கேதான். நாள் முழுக்கக் குறைந்த அளவில், ஒரே நீளத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் தசை பலமானதாக இருப்பதில்லை. முழு வீச்சில் ஏறி இறங்கும் வேலையைக் கொடுத்தால் அன்றாடச் சுமை அதற்குச் சின்னதாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கைக்கு ஒன்றாக. தோளைக் காது நோக்கி இரண்டு வினாடியில் ஏற்றி, மூன்று வினாடியில் இறக்கி, 12 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 12. அதோடு சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் பத்து, ரப்பர் பட்டையை முன்னே கட்டி முழங்கைகளைப் பின்னால் இழுப்பது பன்னிரண்டு. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு. 15 முறை எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள்.

இடுப்புக்கு மூன்று போதும். கை, முழங்கால் ஊன்றி முதுகை மேலே வளைப்பதும் கீழே தாழ்த்துவதும் எட்டுப் பத்து முறை. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி மூன்று வினாடி நிறுத்துவது பத்து முறை. இதில் தொடையின் பின்பக்கம் சுளுக்கிக்கொண்டால் பாதம் தூரத்தில் இருக்கிறது, பிட்டத்துக்கு நெருக்கமாக இழுங்கள். மூன்றாவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை. தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் பாதவிரல் திசையிலேயே போகட்டும்.

குனிந்து தூக்குவதைத் திருத்த ஒரு துடைப்பக் குச்சி உதவும். அதை முதுகோடு நீளவாக்கில் வைத்துப் பிடித்தால் பின்தலை, மேல்முதுகு, இடுப்பெலும்பின் பின்பக்கம் மூன்றும் தொட வேண்டும். அந்த மூன்றும் விலகாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியப் பழகுங்கள். எந்தத் தொடுபுள்ளி முதலில் விலகுகிறதோ, உங்கள் பிசகு அங்கே. இது கனமான பொருளுக்கு. விழுந்த பேனாவை எடுக்க எப்படி வேண்டுமானாலும் குனியலாம். முதுகு வளைவதற்காகவே அமைந்தது.

கெண்டைக்காலுக்கு, சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை இரண்டு வினாடியில் உயர்த்தி மூன்றில் இறக்குவது, 15 முறை. காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதில் இந்தத் தசைக்குப் பெரிய பங்கு இருப்பதால், நெடுநேரம் நிற்பவர்களும் உட்காருபவர்களும் நடு நடுவே இதைச் செய்வது நல்லது.

உட்காரும் நிலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் அழுத்தமான கருத்து. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில், முன்கைக்குத் தாங்கல், பாதம் தரையில் என்று இருந்தால் போதும். எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அப்படியே இரண்டு மணி நேரம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடப்பது விலையுயர்ந்த நாற்காலியைவிட உதவும்.

இவை வலிக்கான பயிற்சிகள். மொத்த உடம்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற வேகத்தில் நடந்தால் அது மிதம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் கலந்து மூன்று நாள்.

பயந்த தசை தளராது

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தி எழுதியபோதும், அது உடலும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்பதை மாற்றவில்லை. 'எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்று இதற்குப் பொருள் இல்லை. வலி முழுக்க நிஜம். ஆனால் உள்ளே எவ்வளவு சேதம் என்பதை அது அப்படியே அளந்து காட்டுவதில்லை.

ஸ்கேன் அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒருவர் குனிவதை நிறுத்துகிறார், பிறகு நடையைக் குறைக்கிறார், பிறகு எழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகை விறைப்பாக்கி எழுகிறார். அந்த விறைப்பே வலியை வளர்க்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டின் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இருந்தது. வலியில்லாதவர்களுக்கு! முடி நரைப்பது போன்ற ஒன்றை நோய் என்று எண்ணிப் பயந்து, அசைவை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பயிற்சியின்போது வலித்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தால் பயம் பாதி குறையும். 10-க்கு 3 வரை என்றால் தொடரலாம். 4, 5 என்றால் எடையையோ வீச்சையோ குறைத்துத் தொடரலாம். அதற்கு மேல் என்றால் அன்று அந்தப் பயிற்சியை விட்டுவிடலாம். கூடிய வலி மறுநாளுக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரியாகவே இருந்தது. புதிதாக எடை தூக்கியதால் வரும் தசைவலி வேறு. அது 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும்.

உடம்பைத் தளர்த்த மூச்சு எளிய வழி. ஒரு கையைக் கீழ்விலாவில் வைத்து, நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, அதை நீட்டிப்பதுதான் சூட்சுமம். நெஞ்சு நிறைய இழுத்தால் தலை சுற்றும், விரல் கூசும். சாதாரண அளவு மூச்சுதான், மெதுவாக.

மூச்சில் கவனம் நிற்காதவர்களுக்கு அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை நன்றாகப் பொருந்தும். தளர வேண்டிய தசையை முதலில் இறுக்கி, பிறகு விடுவது. தோளைப் பாதி பலத்தில் ஏற்றி ஐந்து வினாடி, சட்டென்று விட்டு 15 வினாடி. மூன்று முறை. 'தளர்த்து' என்று சொன்னால் புரியாத உடம்புக்கு இந்த வித்தியாசம் புரிகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தாடையைக் கவனியுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருந்தால் விலக்குங்கள். உதடு மூடி, பற்கள் விலகி, நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் தங்கியிருப்பதுதான் ஓய்வு நிலை. வேலையில் மூழ்கும்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் இருப்பவர்களுக்குக் கன்னப்பொட்டு வலியும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தே வரலாம்.

பழக்கமாவதற்கு 21 நாள் போதும் என்பார்கள். அளந்து பார்த்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை போனது. அதனால் மூன்று வாரத்தில் ஒட்டவில்லை என்று கைவிடாதீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எப்படியும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கியதும் குதிகால் உயர்த்துவது, கணினியை மூடியதும் பந்து, பந்து முடிந்ததும் பாட்டில்.

கை வைக்கக் கூடாத நேரம்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிறதா? அறுவை சிகிச்சைக்கோ, நெடும்பயணத்துக்கோ, படுக்கையில் கிடந்ததற்கோ பிறகு இப்படி வந்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், தோல் தொற்று, அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம், எலும்பு முறிவுச் சந்தேகம், புடைத்துச் சுருண்ட காலின் ரத்தக்குழாய் எதிலும் அழுத்தம் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, அந்தரங்கப் பகுதி மரத்துப்போவது, கால் பலமிழப்பது அவசர சிகிச்சைக்கு உரியவை. ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தோள்வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தாலும் அப்படியே. காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் இரவில் ஓயாத வலி, காலையில் அரை மணிக்கும் மேல் நீடிக்கும் விறைப்பு ஆகியவற்றையும் பிடித்துவிட்டே தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி திரும்பும் நாளில்

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒருநாள் வலி திரும்பவும் பிடித்துக்கொள்ளும். தூக்கம் கெட்ட வாரத்திலோ, வேலை நெருக்கடியிலோ பெரும்பாலும். அன்று முழுக்கப் படுத்துவிடாதீர்கள், படுக்கை ஓய்வு குணமாவதைத் தாமதப்படுத்தும். துணி சுற்றிய வெந்நீர்ப் பை 15 முதல் 20 நிமிடம், தூங்கும்போது வேண்டாம். வலிக்கும் புள்ளியை விட்டுவிட்டு அதைச் சுற்றி லேசான நீவல். ஐந்து நிமிட நடை, நாளில் பல முறை. இரண்டாம் நாளிலிருந்து எடையில்லாத அசைவுகள். மூன்று நான்கு நாளில் பாட்டிலில் பாதித் தண்ணீரோடு தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.

இரண்டு வாரமாகியும் இறங்காவிட்டால், அல்லது கைக்கோ காலுக்கோ மரமரப்பு இறங்கினால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். போகும் முன் மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது, நாளின் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் உட்கார்ந்த பிறகு, இரவில் எழுப்புகிறதா. "முதுகு பூரா வலிக்குது" என்று சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டினால் முதல் சந்திப்பிலேயே எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.